மாற்றும் உரிமை: வணிகக் கல்வியில் ஏஜைல் முறை பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

1

அண்மைக் காலமாக நமது பல்கலைக்கழகங்களின் வணிக, முகாமைத்துவ பீடங்களில் ஒரு சொல் செல்வாக்குப் பெற்று வருகின்றது. 'ஏஜைல்' என்பது அச்சொல். மென்பொருள் ஆக்கத் துறையிலே தோன்றி, பின்னர் வங்கிகள் வரை பரவிய செயற்றிட்ட முறையொன்றின் பெயர் அது. இன்று அம்முறை, கற்பிக்கப்படும் பாடமாக மட்டுமன்றிப் பாடங்களைக் கற்பிக்கும் வழியாகவும் முன்வைக்கப்படுகின்றது. மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்தல், வேலையைக் குறுகிய காலச் சுற்றுகளாக வகுத்தல், நாள்தோறும் சில நிமிடங்கள் கூடிப் பேசல், சுவரிலே பலகை ஒன்றை மாட்டி அதில் வண்ணத் தாள்களை ஒட்டி நகர்த்தல் ஆகியன இதன் புறக்கோலங்கள்.

இச்சொல்லைச் 'சுறுசுறுப்பு' எனத் தமிழாக்குவோர் உளர். தவறான விளக்கம் ஒன்றுக்கு இத்தமிழாக்கமே வித்திடுகின்றது எனலாம். சுறுசுறுப்பு என்றவுடன் வேகம் நினைவுக்கு வருகின்றது. வேகம் நினைவுக்கு வந்தவுடன், ஒரே வேலையை முன்னரினும் விரைந்து முடிக்கும் உபாயமாக இம்முறை விளங்கிக்கொள்ளப்படுகின்றது. இம்முறையின் உயிர்நாடி வேகமன்று. தொடக்கத்தில் வகுத்த திட்டம் பிழை என்பது நடுவழியிலே புலனாகும்போது, அப்பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, வேலையைச் செய்வோரே அதனை மாற்றியமைக்கும் உரிமைதான் அதன் உயிர்நாடி. அவ்வுரிமையை மாணவருக்கு வழங்காமல் பலகையையும் வண்ணத் தாள்களையும் மட்டும் வழங்கும் கல்வி, பழைய கீழ்ப்படிதலையே புதுப்பெயரிற் பயிற்றுகின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவ்வாதத்தைத் திருகோணமலை மாவட்டத்தின் வடக்கெல்லையிலுள்ள புல்மோட்டையை முன்வைத்து நிறுவ முயல்வோம்.

2

எந்தக் கருத்தையும் அது தோன்றிய சூழலிலிருந்து பிரித்து நோக்குதல் மயக்கத்தையே தரும். ஆதலின் இம்முறையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் அவசியம்.

1970இல் அமெரிக்கப் பொறியியலாளர் வின்ஸ்டன் றொய்ஸ் பெரிய மென்பொருட்களின் ஆக்கம் பற்றிக் கட்டுரை ஒன்றை எழுதினார். தேவைகளை முதலில் அறிதல், பின் வடிவமைத்தல், பின் ஆக்குதல், பின் சோதித்தல் என நீர்வீழ்ச்சி போலப் படிப்படியாக இறங்கிச் செல்லும் வரைபடம் அதிலே இடம்பெற்றது. அந்த வரைபடத்தின்படி அப்படியே நடப்பது அபாயமானது என்று அவரே அக்கட்டுரையிற் குறிப்பிட்டிருந்தார். பின்வந்தோர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டனர். கல்வியுலகில் இத்தகைய விபத்துகள் புதியனவல்ல.

மறுபுறம், யப்பானிலே டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ முதலியோர் வேறொரு மரபை வளர்த்தனர். பிழை ஒன்றைக் கண்ட தொழிலாளி, உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்பது அம்மரபின் சிறப்பியல்பு. 1986இல் தக்கேயுச்சி, நொனாக்கா என்னும் இரு யப்பானிய அறிஞர்கள், புதிய பொருட்களை ஆக்கும் குழுக்கள் பற்றி 'ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ' இதழில் எழுதிய கட்டுரையில், றக்பி விளையாட்டுக் குழு பந்தைத் தம்முள் மாற்றி மாற்றி முன்னேறுவதை உவமையாகக் காட்டினர். அவ்விளையாட்டிலிருந்தே 'ஸ்க்ரம்' என்ற பெயர் பிறந்தது. 1995இல் ஜெஃப் சதர்லண்ட், கென் ஷ்வேபர் ஆகியோர் அதனை ஒரு முறையாக வகுத்து முன்வைத்தனர். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பனிச்சறுக்கு விடுதி ஒன்றிலே பதினேழு மென்பொருள் வல்லுநர் கூடி ஏஜைல் அறிக்கையை வெளியிட்டனர். மனிதரிடை உறவு, இயங்கும் பொருள், வாடிக்கையாளரோடு கூடி உழைத்தல், மாற்றத்துக்கு இடங்கொடுத்தல் ஆகிய நான்கையும் அவர்கள் முதன்மைப்படுத்தினர். விதிமுறையும் ஆவணமும் ஒப்பந்தமும் திட்டமும் வேண்டாதவை என்று அவர்கள் கூறவில்லை. அவை இரண்டாம் இடத்துக்கு உரியவை என்றே கூறினர்.

இவ்வரலாற்றிலே மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. யப்பானியத் தொழிலாளி வரிசையை நிறுத்தியதும், மென்பொருளாளர் திட்டத்தை மாற்றியதும் அதிகாரம் பற்றிய விடயங்களே. வேலையின் உண்மையை வேலை செய்பவனே முதலில் அறிகின்றான். ஆகவே தீர்மானத்தின் ஒரு பகுதி அவனுக்கு உரியது என்பதே இவ்விரு மரபுகளுக்கும் பொதுவான அடிப்படை. முறை சந்தைப் பொருளாகி, சான்றிதழ்களும் பயிற்சிப் பட்டறைகளும் பெருகியபோது இவ்வடிப்படை மங்கியது. 2014இல், அந்தப் பதினேழு பேருள் ஒருவரான டேவ் தோமஸ், ஏஜைல் என்ற சொல் பொருளிழந்துவிட்டது என எழுத நேர்ந்தமை இதற்குச் சான்று. நமது வணிகப் பீடங்களுக்கு இச்சொல் வந்துசேர்ந்தது பெரிதும் அதற்குப் பின்னரே என்பதையும் நாம் மறத்தலாகாது.

3

இனி ஒரு வகுப்பறை அநுபவத்தைக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன், கிழக்கு மாகாணத்துக்கு வெளியேயுள்ள உயர்கல்வி நிறுவனம் ஒன்றில், வணிகக் கற்கை மாணவர் தம் செயற்றிட்டங்களைச் சமர்ப்பித்த அவையிலே பார்வையாளராக அமர்ந்திருந்தேன். ஏஜைல் முறையில் நடத்தப்பட்ட பாடம் என அது அறிமுகப்படுத்தப்பட்டது. நால்வர் கொண்ட குழுவொன்று, புல்மோட்டைக் கருவாட்டை அழகிய பொதிகளில் அடைத்துக் கொழும்புக் கடைகளில் விற்கும் திட்டத்தைச் சமர்ப்பித்தது. பொதியின் வடிவமைப்புச் சிறப்பாக இருந்தது. செலவுக் கணக்கும் குறையின்றி இருந்தது. பலகையிலே எல்லாத் தாள்களும் 'முடிந்தது' என்ற நிரலுக்கு நகர்ந்திருந்தன. குழுவுக்கு உயர்ந்த புள்ளி கிடைத்தது.

அவை கலைந்த பின், குழுவிலிருந்த மாணவி ஒருவருடன் உரையாட நேர்ந்தது. அவர் புல்மோட்டையைச் சேர்ந்தவர். கரைவலையில் உழைக்கும் ஒருவரின் மகள். தவணையின் நடுப்பகுதியில் குழுவினர் அவருடைய ஊருக்குச் சென்றிருக்கின்றனர். கருவாடு காயப்போடும் பெண்களிடம் பொதியின் மாதிரியைக் காட்டியிருக்கின்றனர். அதனைக் கையில் வாங்கிப் பார்த்த முதிய பெண் ஒருவர் கூறியதை அம்மாணவி அப்படியே எனக்கு ஒப்புவித்தார்: "பேக் வடிவாத்தான் இருக்கு மகள். கருவாடு எங்கட கையில நிண்டாத்தானே அதுக்குள்ள போட?"

அதன் பொருள் இதுதான். கடலுக்குப் போக முடியாத மாதங்களிலே வியாபாரி முற்பணம் கொடுக்கின்றார். அம்முற்பணத்துக்கு ஈடாக, காயும் முன்னரே கருவாடு அவருக்கு உரியதாகிவிடுகின்றது. விலையை அவரே சொல்கின்றார். ஆகவே அப்பெண்களின் பிரச்சினை பொதியன்று, கடன். விலை ஏறும் வரை சில வாரங்களேனும் சரக்கைக் கையில் வைத்திருக்க உதவும் சேமிப்பு ஏற்பாடொன்றே அவர்களுக்கு வேண்டியிருந்தது.

மாணவர் நால்வரும் திரும்பும் வழியிலேயே தம் திட்டத்தை மாற்றத் தீர்மானித்திருக்கின்றனர். ஆனால் மூன்றாம் வாரத்திலே ஒப்புதல் பெற்ற முன்மொழிவுக்கும் இறுதிப் படைப்புக்கும் இடையிலான இசைவுக்குக் கணிசமான புள்ளிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. மாற்றினால் அப்புள்ளிகள் போய்விடும் என அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அவர்கள் பொதிக்கே திரும்பினர். முதிய பெண்ணின் கூற்று அறிக்கையில் இடம்பெறவில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் பிரதி எதுவும் புல்மோட்டைக்குச் செல்லவில்லை.

இதிலே எவரையும் குற்றவாளியாக்குதல் எனது நோக்கமன்று. விரிவுரையாளர் நல்லெண்ணம் உடையவர். அவருடைய கையையும் யாரோ வகுத்த மதிப்பீட்டு அட்டவணை கட்டியிருந்தது. ஆனால் விளைவை நோக்குக. ஏஜைல் என்ற பெயரில் நடந்த ஒரு பாடத்திலே, மாணவர் உண்மையிலேயே ஏஜைலாக நடக்க முற்பட்ட ஒரேயொரு தருணம் தண்டனைக்குரியதாயிற்று. தாம் கண்ட உண்மையைக் கைவிட்டால் உயர்ந்த புள்ளி கிடைக்கும் என்பதே அந்நால்வரும் கற்ற முகாமைத்துவப் பாடம். அம்மாணவிக்கு நேர்ந்த இழப்பு இன்னும் பெரிது. தன் ஊரார் சொன்னது அறிவன்று, அறிக்கையில் அடங்குவதே அறிவு என்ற எண்ணத்துடன் அவர் பட்டம் பெற்று வெளியேறுகின்றார்.

4

புல்மோட்டை, திருகோணமலை நகரிலிருந்து கடலோரமாக வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், கொக்கிளாய்க் களப்புக்கு அண்மையில் உள்ளது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். இக்கரையிலே இரு வேறு தொழில்கள் அருகருகே நிகழ்கின்றன. வணிகக் கல்விக்கு இதனினும் சிறந்த பாடநூல் அமைவது அரிது.

ஒன்று கனிய மணல். இல்மனைற், றூட்டைல், சேர்க்கன் முதலிய கனியங்கள் செறிந்த கருமணல் இக்கரையிற் கிடைக்கின்றது. 1957இல் நிறுவப்பட்டு 1992இல் அரச கம்பனியாக மாற்றப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனம், இம்மணலை வாரி, காந்தத்தாலும் மின்புலத்தாலும் கனியங்களைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்து வந்துள்ளது. வெள்ளை வர்ணப்பூச்சுக்கு வேண்டிய தைத்தேனியம் இருவொட்சைட்டுக்கு இல்மனைற்றே மூலப்பொருள். எனினும் அது பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறியது. மற்றொன்று கரைவலை. தோணி வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துக் கரைக்கு மீள, இரு அணியினர் இருபுறமும் நின்று கயிற்றை இழுத்து, இழுக்க இழுக்கத் தம்முள் நெருங்கி, இறுதியில் மடியைக் கரையேற்றுவர். நீரின் நிறம், நீரோட்டம், பறவைகளின் போக்கு ஆகியவற்றைக் கண்டு, எப்பொழுது எங்கே வலையிடுவது என்பதை மண்டாடி தீர்மானிப்பார். மடி கரையேறியதும் பலன் எல்லார் கண்முன்னும் மணலிலே கிடக்கும். அதனைப் பார்த்தே அடுத்த வலைப்பு முடிவாகும். குறுகிய சுற்று, வெளிப்படையான பலன், மீள்நோக்கு, மாற்றம் என இன்று விரிவுரை மண்டபங்களில் படங்காட்டி விளக்கப்படும் யாவும் அங்கே நாள்தோறும் நிகழ்வன.

ஆயினும் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் ஆகாது. வலையும் தோணியும் சம்மாட்டிக்கு உரியவை. உழைப்போருக்குப் பங்கு மட்டுமே. முற்பணக் கடன் பலரைக் கட்டி வைத்திருக்கின்றது. வலையை எப்போது வீசுவது என்பதில் அநுபவத்தின் குரல் எடுபடலாம்; பங்கை எவ்வாறு பிரிப்பது என்பதில் அது எடுபடுவது அரிது. 'தன்னைத்தானே ஒழுங்குபடுத்தும் குழு' என்று ஏஜைல் நூல்கள் போற்றுவதைப் படிக்கும் மாணவர், அக்குழுவின் வலை எவருடையது எனக் கேட்கவும் பழகவேண்டும். அவ்வினா எழாத இடத்திலே நெகிழ்ச்சி என்பது, உடைமையாளரின் நட்டத்தை உழைப்போர் தம் உடலால் ஈடுசெய்யும் ஏற்பாடாகிவிடும்.

அவ்வாறே, எல்லாத் தொழிலுக்கும் இம்முறை பொருந்தும் என்பதும் மயக்கமே. வலை பிழைத்தால் மறுநாள் மீண்டும் வளைக்கலாம். வாரிக் கப்பலேற்றிய மணலை மீட்க முடியாது. கரை அரிக்கப்பட்டால், 'அடுத்த சுற்றிலே திருத்துவோம்' எனல் பொருந்தாது. அத்தகைய தொழிலுக்கு முன்கூட்டிய ஆய்வும் நீண்ட திட்டமும் ஊராரின் கருத்தறிதலும் இன்றியமையாதன. மீட்கக்கூடிய பிழை எது, மீட்கவியலாப் பிழை எது எனப் பகுத்தறிவதே முகாமைத்துவ அறிவின் தலையாய கூறு. ஒரே கரையில் நின்று இரண்டையும் மாணவர் காண இயலும் இடம் புல்மோட்டை.

திட்டங்கள் எவ்வளவு எளிதிற் குலையும் என்பதையும் இக்கரை கற்பிக்கும். 1997 செப்டெம்பரில், இல்மனைற் ஏற்ற வந்த 'கோடியாலிற்றி' என்ற கப்பல் புல்மோட்டைக் கடலில் தாக்குதலுக்கு உள்ளானது. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை கிழக்குக் கரை முழுவதையும் அறைந்தது. 2009 மார்ச்சில், வன்னிப் போர்முனையிலிருந்து கடல்வழியே கொண்டுவரப்பட்ட காயமுற்றோருக்காக இந்திய மருத்துவக் குழுவொன்று இங்கு மருத்துவமனை அமைத்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேநாளில் உயர்ந்தபோது, வெளியிணைப்பு இயந்திரப் படகுகளை நம்பியிருந்தோரின் கணக்குகள் யாவும் பொய்த்தன. இத்தகைய மண்ணிலே பிறந்த மாணவருக்கு, எதிர்காலம் நிச்சயமற்றது என்பதைக் கற்பிக்க யூட்டாவின் பனிமலையிலிருந்து எவரும் வரவேண்டியதில்லை. நிச்சயமின்மைக்கு நடுவிலே ஒழுங்காகச் சிந்திக்கும் பயிற்சியே அவருக்கு வேண்டியது.

5

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. மதிப்பீட்டில் சமத்துவம் வேண்டும். ஒவ்வொரு குழுவும் விரும்பியவாறு திட்டத்தை மாற்றினால் எதனோடு எதனை ஒப்பிடுவது என்பர். வேலையைத் தட்டிக்கழிக்கும் மாணவர் 'திட்டத்தை மாற்றினோம்' என்ற போர்வையிலே ஒளிந்துகொள்வர் என்பர். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் வகுப்பில், ஒரு விரிவுரையாளர் எத்தனை குழுக்களைப் பின்தொடர முடியும் என்பர். நாள்தோறும் கூடுதல் என்பது, தொலைவிலிருந்து பேருந்தேறி வருவோருக்கும் மாலையில் வேலைக்குச் செல்வோருக்கும் இயலாத காரியம் என்பர்.

இறுதி இரண்டும் உண்மை. அவற்றுக்கு ஆளணியும் நேர ஒழுங்கும் வேண்டும். முதலிரண்டுக்கும் விடையுண்டு. ஒப்பிடவேண்டியது விளைபொருளையன்று, தீர்மானங்களின் தரத்தையே. காரணங் கூறாமல் மாற்றியவரையும், கண்ட சான்றுக்குப் பணிந்து மாற்றியவரையும் வேறுபடுத்துதல் அநுபவமுள்ள ஆசிரியருக்குக் கடினமன்று. நெதர்லாந்திலே வில்லி வைனண்ட்ஸ் என்னும் பாடசாலை ஆசிரியர் 2011 முதலாக 'எடுஸ்க்ரம்' என்ற பெயரில் இம்முறையை வகுப்பறைக்கு ஏற்றவாறு தழுவியமைத்தபோது, எதைக் கற்பது, ஏன் கற்பது என்பவற்றை ஆசிரியரும், எவ்வாறு கற்பது என்பதை மாணவரும் தீர்மானிக்கும் பங்கீட்டை வகுத்தார். அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அவர் மறைக்கவில்லை. நமது வகுப்பறைகளிற் காணாமற்போவது அந்த வெளிப்படைத்தன்மையே.

நடைமுறை நோக்கிற் சில கூறலாம். பதினைந்து வாரத் தவணையை மூன்று மூன்று வாரங்களாக ஐந்து சுற்றுகளாக்குக. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், வேலை எவருக்காகச் செய்யப்படுகின்றதோ அவரிடமே அதனைக் காட்டுக. அவர் விளங்கிக்கொள்ளும் மொழியிலே காட்டுக. முன்மொழிவோடு இசைவதற்குரிய புள்ளிகளை நீக்கி, மாற்றக் குறிப்பேடு ஒன்றுக்கு அவற்றை வழங்குக: என்ன எண்ணினோம், எதைக் கண்டோம், யார் சொன்னார், ஆகவே எதை மாற்றினோம் என்பவை அதிலே பதியப்படட்டும். கூட்டம் நாள்தோறும் இல்லாவிடினும் வாரத்திற்கு இருமுறை போதும். உயிருள்ளதாக இருந்தாற் சரி. இறுதியாக, விரிவுரையாளரும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தமது பாடத்திட்டத்திலே எதை மாற்றினார் என்பதை மாணவர் முன் கூறட்டும். தான் மாறாதவர் மாற்றத்தைக் கற்பித்தல் இயலாது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளியை அண்டிய கோணேசபுரியில் அமைந்துள்ளது. தொடர்பாடல், வணிகக் கற்கைகளுக்கென அங்கே ஒரு பீடமும் உண்டு. அதே கரையைத் தொடர்ந்து வடக்கே சென்றால் குச்சவெளி, அதற்கும் அப்பால் புல்மோட்டை. வகுப்பறைக்கும் கரைக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு முற்பகற் பயணந்தான். தலைநகரின் அங்காடிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வணிகக் கல்வி இந்தக் கரையோரப் பாதையிலே நடக்கத் தொடங்குமாயின், புதிய சொற்கள் புதிய பொருளையும் பெறும்.

அந்த முதிய பெண் கூறிய ஒரு வாக்கியம், அம்மாணவர் வரைந்த திட்டம் முழுவதையும் திருத்தவல்லதாக இருந்தது. அவர் பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர். ஏஜைல் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். ஆயினும் அச்செயற்றிட்டத்தின் வாடிக்கையாளர் அவரே. அவர் சொன்னதைக் கேட்டு மாறுவதற்கு மாணவருக்கு உரிமை இருந்திருக்க வேண்டும். அவ்வுரிமையை வழங்கும் வரை, நமது வணிகப் பீடங்களின் சுவர்களிலே தொங்கும் பலகைகள் வெறும் அலங்காரங்களே.